எட்டு பார் லூப் கையில் இருக்கிறது, அதற்கு மேல்? டிராப்பை நோக்கி ஏற்றும் ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

"லூப் நல்லா வந்துடுச்சுணா. டிராப்பும் போட்டுட்டேன். ஆனா அது வந்து விழுற மாதிரியே இல்ல."

லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு. டிராப் என்பது ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து கிக்கும் பேஸும் முழுசாக இறங்கும் இடம். போன வருடத்திலிருந்து மூன்று பேர் என்னிடம் இதையே சொல்லிவிட்டார்கள். ஒருவர் காட்பாடி விடுதி அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இசை செய்யும் கல்லூரி மாணவர். இன்னொருவர் குடியாத்தம், வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தன் தெருவில் கட்டும் ஸ்பீக்கர் செட்டில் சொந்தமாக ஒரு பாட்டை ஓடவிட வேண்டும் என்று ஆசை. மூன்றாமவர் வாலாஜாப்பேட்டை, ரீல்ஸுக்கு முப்பது நொடித் துண்டுகள் செய்து தருகிறார்.

மூவரின் ஃபைலையும் திறந்து கேட்டேன். டிராப்பில் குறையே இல்லை. கிக் என்ற அடிமேளம் கனமாக இருந்தது, பேஸ் என்ற கீழ்ச்சுரம் சுத்தமாக இருந்தது. குறை அதற்கு முந்தைய ஏற்றத்தில், அதாவது டிராப்பை நோக்கிப் பாட்டை உயர்த்திக்கொண்டு போகும் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதியில் என்னென்ன செய்யலாம் என்று கேள்விப்பட்டார்களோ, அத்தனையையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். ஆகவே ஐந்து வழிகளையும் தனித்தனியே எடுத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கட்டுரை முழுக்க 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) வேகத்தையே வைத்துக்கொள்கிறேன். ஒரு பீட் 0.47 நொடி. நான்கு பீட் சேர்ந்த ஒரு பார் 1.875 நொடி. 8 பார் 15 நொடி, 16 பார் 30 நொடி, 32 பார் ஒரு நிமிடம். நடன இசை பெரும்பாலும் எட்டின் மடங்குகளில்தான் நகர்கிறது. கேட்பவர் விரல்விட்டு எண்ணுவதில்லை, ஆனால் அவருடைய கால் எண்ணுகிறது. 16 பார் ஏற்றிவிட்டு 15வது பாரிலேயே இறக்கினால், படி இருக்கும் என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல் ஆகிவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்கள் உண்டு. முதல் பாட்டில் வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எதில் கேட்கப் போகிறார்கள் என்பது. இதைக் கேட்காமல் ஆரம்பித்ததுதான் என் முதல் இரண்டு வருட உழைப்பை வீணாக்கியது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கிக்கின் அடிநாதம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் வராது. பேஸ் திரும்பி வருவதைத்தான் டிராப் என்று நீங்கள் வைத்திருந்தால், ஃபோனில் கேட்பவருக்கு டிராப்பே கிடையாது. திருவிழா செட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பேஸ் பிரமாதமாக வரும். ஆனால் இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாக ஓட்டுவதுதான் பொதுவான வழக்கம். ஸ்டீரியோவில் அகலப்படுத்தி வைத்த லீட் (முன்னால் நிற்கும் மெட்டு) ஒலி, மோனோ ஆனதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதி காணாமல் போகும்.

இரண்டாவது, டிராப்பைத் தின்கிறதா என்பது. ஏற்றும்போதே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் டிராப்புக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஐந்தில் எனக்கு மிக முக்கியமான அளவுகோல் இதுதான்.

மூன்றாவது, எத்தனை முறை தாங்கும். ஒரு பாட்டில் டிராப் இரண்டு முறையாவது வரும். இரண்டாம் முறையும் அதே வித்தை வேலை செய்கிறதா?

நான்காவது, நேரமும் காசும் லேப்டாப்பின் மூச்சும். ஐந்தாவது, தப்பினால் எப்படித் தப்பும்: லேசாகப் பிசகினாலும் பாட்டு நிற்குமா, மொத்தமாகக் கவிழுமா?

மென்பொருள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம், கீழே சொல்லும் ஐந்தையும் அதில் செய்யலாம். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் தொடங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் சேமிக்கலாம், ஆனால் சேமித்த வேலையைத் திரும்பத் திறந்து தொடர வேண்டுமென்றால் வாங்கியாக வேண்டும். பாதி ஏற்றத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய், காலையில் அதை அறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

## ஒன்று: ரைசரும் ஸ்னேர் உருட்டலும்

எல்லாரும் முதலில் கைவைப்பது இதில்தான். உஸ்ஸென்று மேலேறும் வெள்ளை இரைச்சல்தான் ரைசர், கூடவே நெருங்கிக்கொண்டே போகும் ஸ்னேர் மேளம். எட்டு பாரில் வழக்கமான கணக்கு இது: நான்கு பார் பீட்டுக்கு ஒரு அடி, இரண்டு பார் பீட்டுக்கு இரண்டு, ஒரு பார் நான்கு, கடைசிப் பார் எட்டு.

இதன் பலம் வெளிப்படையானது. பதினைந்து நிமிட வேலை. இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்பதால் ஃபோனிலும் கேட்கும், பெரிய பாக்ஸிலும் கேட்கும். "ஏதோ வரப் போகிறது" என்பது ஒரு குழந்தைக்கும் புரியும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது லிமிட்டர், அதாவது மொத்த ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் அமுக்கும் கருவி. இரைச்சல், ஸ்னேர், பேட் (பின்னால் நீண்டு ஒலிக்கும் சுரங்கள்), லீட் எல்லாம் சேர்ந்து ஏற்றத்தின் உச்சியிலேயே மாஸ்டரை (எல்லா ஒலியும் சேர்ந்து வெளிவரும் வழியை) முட்டிவிடும். அதற்குப் பிறகு கிக்கும் பேஸும் வந்தால் லிமிட்டர் அவற்றை அமுக்கும். டிராப், ஏற்றத்தைவிடச் சின்னதாகக் கேட்கும். காட்பாடிக்காரரின் ஃபைலில் நடந்தது இதுவே. மருந்து எளிது: ஏற்றத்தின் எட்டு பாரிலும் மொத்த ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக 2 டெசிபெல் இறக்கிக்கொண்டே வந்து, டிராப்பின் முதல் பீட்டில் பழைய அளவுக்குத் திருப்புங்கள். கேட்பவருக்கு இறங்கியது தெரியாது, திரும்பியது மட்டும் தெரியும்.

இரண்டாவது, உருட்டலுக்கு ஓர் எல்லை உண்டு. பீட்டுக்கு எட்டு அடி என்றால் நொடிக்கு 17 அடி. அதற்கும் மேலே போய் பதினாறு ஆக்கினால் நொடிக்கு 34. நொடிக்கு இருபதைத் தாண்டும்போது காது அதைத் தனித்தனி அடியாகக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு தாழ்ந்த சுருதியாகக் கேட்கத் தொடங்கும். ஸ்னேர் "டர்ர்" என்று இயந்திரம்போல ஆவது அதனால்தான்.

மூன்றாவது, ஆயிரம் பேர் பயன்படுத்திய அதே ரைசர் கோப்பை நீங்களும் போடுவீர்கள். முதல் முறை கிளர்ச்சி தரும், இரண்டாம் டிராப்பில் அலுக்கும். "இலவசம்" என்று இறக்கிய கோப்புக்கு வெளியிடும் உரிமை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்னேருக்குப் பதில் பம்பை வைக்கலாமா என்று குடியாத்தத்துக்காரர் கேட்டார். கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. நம் வடாற்காட்டுப் பக்கத்தில் உருட்டி ஏற்றும் கலையைப் பம்பைக்காரர்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? ஒன்றோடொன்று கட்டிய இரண்டு மேளத்தில், வேகத்தை மட்டும் கூட்டாமல் அழுத்தத்தையும் கூட்டி, நடுவில் சட்டென்று தணித்து, மறுபடி ஏற்றுவார்கள். ஸ்னேர் உருட்டலில் இல்லாத உயிர் அந்தத் தணிப்பில் இருக்கிறது; அதை அப்படியே படிக்கலாம். ஆனால் ஒன்றை அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அம்மனை அழைக்கும் அடியைப் பதிவுசெய்து எடுத்து நடனப் பாட்டில் போட வேண்டாம். கூட்டத்தில் அதைக் கேட்டாலே அருள் வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அது அழைப்பு. பம்பைக்காரரை நேரில் கேட்டு, வேறு ஓர் அடியை வாசிக்கச் சொல்லி, அவருக்குரிய காசைக் கொடுத்துப் பதிவுசெய்யுங்கள்.

எப்போது இது நல்ல தேர்வு: நாளைக் காலையில் பாட்டு வேண்டும், கேட்பவர் ஒரு முறைதான் கேட்பார் என்றால்.

## இரண்டு: ஃபில்டரைத் திறப்பது

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். புதிதாக எந்த ஒலியும் வேண்டாம். இருக்கும் லூப்பையே, கீழ் ஒலிகளை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டருக்குள் அடைத்து, கட்ஆஃபை (வெட்டும் எல்லையை) 300 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்லத் திறந்துகொண்டே போக வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் கல்யாண மேளம், கதவு திறக்கத் திறக்கத் தெளிவாவது போல இருக்கும்.

ஒரு ஃபில்டர் குமிழ் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாறே சாட்சி. ரோலண்ட் நிறுவனம் 1981ல் டிபி-303 என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் கிட்டாருக்கு மாற்று என்று விற்றார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை, சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். சிகாகோவில் பழைய பொருளாக மலிவாகக் கிடைத்த அதே பெட்டியை வாங்கிய இளைஞர்கள், அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் குமிழைத் திருக, ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. அதற்கும் முன்பே, 1982ல், மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அந்தப் பெட்டியோடு வேறு சிந்தசைசரையும் சேர்த்து ராகங்களை வாசித்துப் பதிவுசெய்திருந்தார். ஆசிட் ஹவுஸ் பாட்டுகளில் மெட்டு சுற்றிச்சுற்றி அதேதான் வரும். நகர்வது பெரும்பாலும் குமிழ்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்க முடிகிறது.

குமிழைத் தானே நகர்த்தும் ஆட்டோமேஷன் கோட்டை நேராக இழுக்காதீர்கள். 16 பார் ஏற்றத்தில் முதல் பன்னிரண்டு பாருக்கு மெதுவாகவும் கடைசி நான்கு பாரில் செங்குத்தாகவும் வளையட்டும். முக்கியமான இன்னொன்று: டிராப்புக்கு முன்பே முழுசாகத் திறந்துவிடாதீர்கள். புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் செய்வது அதுதான். கடைசிப் பாரிலேயே ஒலி முழுப் பிரகாசத்துக்கு வந்துவிட்டால், டிராப்பில் வருவதும் அதே ஒலிதானே. கடைசி ஐந்தில் ஒரு பங்கை மூடியே வைத்திருந்து, டிராப்பின் முதல் பீட்டில் ஒரே தாவலில் திறங்கள்.

செலவு என்று பார்த்தால் ரெசொனன்ஸ், அதாவது கட்ஆஃப் இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் குமிழ், ஒன்றுதான். அதை அதிகம் ஏற்றினால், கட்ஆஃப் கடக்கும் இடத்தில் ஏதாவது ஒரு சுரம் ஊசிபோலக் குத்தும். ஹெட்ஃபோனில் இனிக்கும் அந்தக் குத்தல் பெரிய ஹார்னில் காதைக் கிழிக்கும். பாதிக்கு மேல் போகாதீர்கள்.

ஃபோனில் இது நன்றாகவே எடுபடும், ஏனென்றால் நாடகம் முழுக்க நடு, மேல் அலைவரிசையில் நடக்கிறது. ஒரு எச்சரிக்கை: கிக்கையும் அதே ஃபில்டருக்குள் அனுப்பினால் முதல் எட்டு பார் ஃபோனில் வெறும் மௌனமாக இருக்கும். கிக்கைத் தனி வழியில் வையுங்கள்.

எப்போது நல்ல தேர்வு: லூப்பின் ஒலி நிறமே அழகாக இருக்கும்போது. லூப் சப்பையாக இருந்தால் ஃபில்டர் அதைக் காப்பாற்றாது.

## மூன்று: ஒவ்வொன்றாகச் சேர்ப்பது

நான்கு பாருக்கு ஒன்று என்று ஹை-ஹேட், கிளாப், பேட், லீட் எனச் சேர்த்துக்கொண்டே போவது. புரிந்துகொள்ள எளிது, சொல்லவும் அதிகமில்லை. ஆறு நிமிடம் நிதானமாக நகரும் பாட்டுக்கு இது முதுகெலும்பு. மூன்று நிமிடப் பாட்டில் இதை மட்டும் நம்பினால் டிராப் வரும்போது எல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். டிராப்பைத் தின்பதில் ஐந்தில் முதலிடம் இதற்குத்தான்.

மறைந்த செலவு லேப்டாப்பில் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு சிந்தசைசர், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிவெர்ப் (எதிரொலிப்பு). மே மாதத்து வேலூரில் மின்விசிறிக்கு அடியில் வைத்த லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒலி வெட்டி வெட்டி வரும். முடிந்த அடுக்குகளை ஆடியோவாக மாற்றி வைத்துவிடுங்கள். ரிவெர்ப்பை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே வையுங்கள்.

எப்போது நல்ல தேர்வு: நீண்ட பாட்டு, டிராப்பே தேவையில்லாத பாட்டு.

## நான்கு: பிடுங்கி வைப்பது

ஆரணிப் பக்கம் என் ஆயா ஊரில் கூத்து விடிய விடிய நடக்கும். பெரிய வேஷம் நேராக மேடைக்கு வந்துவிடாது. முதலில் கட்டியங்காரன் வந்து வருகிறவரின் பெருமையைச் சொல்வான். பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனன் அதற்குப் பின்னால் நின்றே பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். திரை விருத்தம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மிருதங்கமும் முகவீணையும் ஏறிக்கொண்டே இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த நாங்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். திரை விலகியதும் அவர் சுழன்று சுழன்று கிறிக்கி போடுவார். ஒன்றரை ஆள் அகலக் கட்டைகளோடு அந்த உருவம் பாய்ந்து வரும்போது ஆயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

திரைக்குப் பின்னால் இருந்தவரையும் முன்னால் வந்தவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குரல் அதேதான், தாளம் அதேதான். உடம்பை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள். டிராப்பைப் பற்றி நான் கற்ற எதுவும் இதைத் தாண்டிப் போகவில்லை.

இசையில் உடம்பு என்பது கிக்கும் பேஸும். எட்டு பார் ஏற்றத்தில் பேஸை முதலிலேயே எடுத்துவிடுங்கள், அல்லது கீழ் ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் வைத்து 150 ஹெர்ட்ஸ் வரை மெல்ல அரித்துக்கொண்டே வாருங்கள். கடைசி இரண்டு பாரில் கிக்கையும் எடுங்கள். குரல் இருக்கலாம், லீட் இருக்கலாம், தாளத்துக்கு ஒரு கைத்தட்டல் இருக்கலாம். கடைசியில் ஒரு சின்ன மௌனம். பிறகு எல்லாம் ஒன்றாக. முந்தைய எட்டு பாரில் அடித்தட்டே இல்லாததால், டிராப்பில் வழக்கமான அளவில் வரும் கிக்கே மலைபோல் இருக்கும். காசு செலவில்லை, ஒலி சேர்க்கவில்லை, லிமிட்டருக்கும் வேலையில்லை.

பலரும் இதைச் செய்யப் பயப்படுகிறார்கள். "காலியா இருக்குணா" என்பார்கள். காலியாகத்தான் இருக்க வேண்டும். தனியாக அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் காலியாகத் தெரியும். முந்தைய பகுதியிலிருந்து தொடர்ந்து கேளுங்கள்.

செலவு மௌனத்தில் இருக்கிறது, அதை நான் நன்றாகவே கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருத் திருவிழாவில் என் பாட்டை ஓடவிட்ட வருடம், டிராப்புக்கு முன் முழுசாக இரண்டு பார் மௌனம் வைத்திருந்தேன். 3.75 நொடி. ஹெட்ஃபோனில் கேட்கும்போது மூச்சு நிற்கும். தெருவில் என்ன ஆயிற்று? இரண்டாவது நொடியிலேயே ஆபரேட்டர் "இன்னாப்பா, லைன் கட்டாயிடுச்சா?" என்று ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் மறுபடி சொருகியபோது டிராப் பாதி ஓடியிருந்தது. அவர் மேல் தப்பில்லை. ஒலி நின்றால் ஒயரைப் பார்ப்பது அவர் தொழில்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட அளவு இது. ஹெட்ஃபோனுக்கு ஒரு பீட், அதாவது 0.47 நொடி போதும். தெருவுக்கு இரண்டு பீட். ஏன் கூடுதல் என்றால் எதிரொலி. ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். ஒரு பீட் மௌனத்தின் பெரும்பகுதியை அந்தச் சுவரே நிரப்பிவிடும். ஒரு முழுப் பார் வேண்டும் என்று ஆசைப்பட்டால் வெறுமையாக விடாதீர்கள். ரிவெர்ப்பின் வால் தேய்ந்துகொண்டே போகட்டும், அல்லது ஒரு குரல் ஒரே சொல்லைச் சொல்லட்டும்.

ஃபோனில்தான் இந்த வழிக்குப் பலவீனம். பிடுங்கியதே அங்கே கேட்காத பேஸ் என்றால், பிடுங்கியதும் தெரியாது, திரும்பியதும் தெரியாது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) சேர்த்தால் பாதி சரியாகும். 55 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 110, 165, 220 என்று மேல் நாதங்கள் முளைக்கும். ஃபோனில் வரும் மேல் நாதங்களை வைத்து அடிநாதத்தைக் காது தானே ஊகித்துக்கொள்ளும்.

எப்போது நல்ல தேர்வு: பெரிய பாக்ஸில் ஓடும் எதற்கும். கிக்கும் பேஸும் உண்மையிலேயே நன்றாக இருக்கும் பாட்டுக்கு.

## ஐந்து: கோர்வை வைத்து இறங்குவது

மின்னிசைப் பாடங்களில் நான் அதிகம் காணாத வழி இது. நமக்கோ தவிலும் மிருதங்கமும் கேட்டு வளர்ந்ததால் காதிலேயே இருக்கிறது. ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, மூன்றாவது முடியும்போது சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) வந்து விழுவது. கேட்பவருக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது முறையிலேயே "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று உடம்பு தயாராகிவிடும்.

ஒரு பாரை 16 துண்டாகப் பிரியுங்கள். நான்கு துண்டு அடி, இரண்டு துண்டு இடைவெளி, மறுபடி நான்கு, இரண்டு, மறுபடி நான்கு. 4+2+4+2+4, மொத்தம் 16. அடுத்த துண்டு டிராப்பின் முதல் பீட். இரண்டு பாருக்கு வேண்டுமானால் 8+4+8+4+8, மொத்தம் 32. சுரங்களைக் கட்டங்களில் வைக்கும் பியானோ ரோலில் எண்ணி வைத்தால் இருபது நிமிடம். கிளாப்பில் வைக்கலாம், லீட் சுரத்தில் வைக்கலாம், குரலை வெட்டியும் வைக்கலாம். மெட்டும் கூட வர வேண்டுமென்றால் மூன்று முறையும் நிஷாதத்திலேயே நிறுத்தி, டிராப்பில்தான் ஷட்ஜத்துக்குப் போங்கள்.

எல்லா ஸ்பீக்கரிலும் கேட்கும், டிராப்பிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது, இரண்டாம் முறை கணக்கை மாற்றி வைத்தால் புதிதாக இருக்கும். ஆனால் தப்பினால் மன்னிப்பே கிடையாது. ஒரு துண்டு கூடிவிட்டாலோ குறைந்துவிட்டாலோ டிராப் தவறி விழுந்ததாகத்தான் தெரியும். இன்னொன்று, கோர்வை ஓடும்போது கிக்கும் நேராக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதி இரண்டுமே மங்கும். நான்காவது வழியோடு சேர்ந்தால்தான், கிக் விலகி நின்றால்தான், கோர்வைக்கு இடம் கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஃபோனில் | தெரு செட்டில் | டிராப்பைத் தின்கிறதா | இரண்டாம் முறை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| ரைசர், உருட்டல் | நன்று | நன்று | ஆம், லிமிட்டர் வழியாக | அலுக்கும் | 2 டெசிபெல் இறக்கம் |
| ஃபில்டர் | நன்று | நன்று, ரெசொனன்ஸ் குறைவாக | முழுசாகத் திறந்தால் மட்டும் | தாங்கும் | கடைசிப் பங்கை மூடியே வைக்க |
| சேர்ப்பது | சுமார் | சுமார் | மிக அதிகம் | தாங்காது | லேப்டாப் சூடு |
| பிடுங்கி வைப்பது | பலவீனம் | மிக நன்று | இல்லவே இல்லை | தாங்கும் | மௌனத்தின் நீளம் |
| கோர்வை | மிக நன்று | நன்று | இல்லை | மாற்றி வைத்தால் தாங்கும் | ஒரு துண்டு கூடத் தப்பக் கூடாது |

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

காட்பாடி மாணவருக்கு ஃபில்டரும் பிடுங்கலும். ரைசர் மூன்றையும் அழிக்கச் சொன்னேன். மனம் வரவில்லை, முடக்கி மட்டும் வைத்தார். 16 பார் ஏற்றம்: முதல் எட்டில் ஃபில்டர் மெல்லத் திறக்க, ஒன்பதாவது பாரில் பேஸ் வெளியேற, பதினைந்தாவதில் கிக் வெளியேற, கடைசியில் ஒரு பீட் மௌனம். ஒரே மாலையில் முடிந்தது. பிறகு ஒரே ஒரு ரைசரை மட்டும், பாதி ஒலியில், கடைசி நான்கு பாருக்குத் திருப்பிச் சேர்த்தோம். அந்த அளவில் அது உண்மையிலேயே உதவியது.

வாலாஜாப்பேட்டைக்காரருக்கு முழு 30 நொடியே 16 பார்தான். அதில் 16 பார் ஏற்றம் வைத்தால் பாட்டே வராது. நான்கு பார் தொடக்கம், நான்கு பார் ஏற்றம், எட்டு பார் டிராப். ஏற்றத்தின் கடைசி ஒரு பாரில் 4+2 கோர்வை. அவருடைய கேட்பவர்கள் எல்லாரும் ஃபோனில்தான் கேட்கிறார்கள், ஆகவே பேஸில் மெனக்கெட்ட நேரத்தைக் கிளாப்பிலும் லீடிலும் போடச் சொன்னேன்.

குடியாத்தத்துக்காரருக்குத்தான் அதிக வேலை. தெரு செட், மோனோ, எதிரொலி, கூட்டத்தின் சத்தம். பிடுங்கி வைப்பதும், இரண்டு பாருக்கு 8+4 கோர்வையும், இரண்டு பீட் மௌனமும். மாஸ்டரை மோனோவாக்கிக் கேட்டபோது அவருடைய அகலமான லீட் பாதி காணாமல் போனது. அகலப்படுத்தும் கருவியை எடுத்துவிட்டு நடுவிலேயே வைத்தோம். முடிவு செய்ய வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம்: கோர்வையைக் கிளாப்பில் வைப்பதா, அவர் தெருப் பம்பைக்காரரை வாசிக்கச் சொல்வதா. அவரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எதுவானாலும் திருவிழாவுக்கு முந்தைய நாள் மாலையே செட்காரரிடம் போய், எந்த நிமிடத்தில் எத்தனை பீட் மௌனம் வருகிறது என்று சொல்லி, ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட வேண்டும்.